எலும்பு கூடிய பிறகு

விபத்தில் அடிபட்டு வீடு திரும்பியவரைப் பார்க்கப் போகிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? எத்தனை தையல், பிளேட் வைத்தார்களா, கட்டு எப்போது பிரிப்பார்கள், வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்ததா. வாங்கிப்போன ஆப்பிளை வைத்துவிட்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு, சாமிக்கு ஒரு மொட்டை போட்டுடுங்க" என்று சொல்லிக் கிளம்பிவிடுவோம். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம்.

2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. இந்திய மாநிலங்களிலேயே இதுதான் அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். இறந்தவர்களுக்குக் கணக்கு இருக்கிறது, காயம்பட்டவர்களுக்கும் இருக்கிறது. பக்கத்து சீட்டில் சிராய்ப்போடு தப்பித்தவர், முதலில் ஓடிவந்து கதவை நெம்பித் திறந்த டீக்கடைக்காரர், மாதம் முழுக்க இப்படிப்பட்டவர்களையே அள்ளிக்கொண்டு போகும் 108 ஊழியர் ஆகியோரின் ராத்திரிகளுக்கு எந்தப் பதிவேடும் இல்லை.

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையை அரசு பார்த்துக்கொள்கிறது. நல்ல திட்டம். என் அக்காவின் கணவருக்கும் அதில்தான் முதல் சிகிச்சை நடந்தது. நான் எழுத வந்தது அதற்கப்புறம் நடந்ததைப் பற்றி. 48 மணி நேரம் முடிந்து, கட்டும் பிரித்து, ஊரே மறந்துவிட்ட பிறகு ஆரம்பிக்கும் சங்கதி அது. டாக்டர்கள் அதை பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். பயங்கரமான ஒன்றைச் சந்தித்த மனம், அது முடிந்த பிறகும் அதிலிருந்து வெளியே வராமல் இருக்கும் நிலை. இதில் எனக்கு ஒரு கட்சி இருக்கிறது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த நோய்க்கு நம் வீடுகளில் அதிகமாகத் தீனி போடுவது வெறுப்போ அலட்சியமோ இல்லை, பாசம்தான்.

மாமா விழுப்புரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். சொந்த வண்டி. பழனி, சமயபுரம், வேளாங்கண்ணி என்று கோயில் ட்ரிப்தான் பிழைப்பு. ஒரு தை மாதம் பழனியிலிருந்து திரும்பும்போது, விடியற்காலையில், வேப்பூருக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே, விளக்கு எதுவும் போடாமல் ரோட்டோரம் நின்றிருந்த லாரியின் பின்பக்கத்தில் வேனின் இடப்பக்கம் மோதிவிட்டது. பின்னால் இருந்தவர்களுக்குச் சின்னச் சின்ன அடிகளோடு சரி. மாமாவுக்குக் காறை எலும்பு உடைந்தது. முன்னால் இடப்பக்க சீட்டில் இருந்தவர் அவருடைய பால்ய நண்பர். ராத்திரி ஓட்டும்போது தூக்கம் வராமல் பேச்சுக் கொடுக்கவென்றே கூடப் போனவர். அந்த இடத்திலேயே போய்விட்டார்.

எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "இனிமே தாராளமா வண்டி எடுக்கலாம்" என்றார். மாமா எடுக்கவில்லை. முதலில் கை வலிக்கிறது என்றார். அப்புறம் வண்டிக்கு எஃப்.சி. முடியட்டும் என்றார். ஆடிக்குப் பார்த்துக்கலாம் என்றார். ஆடி வந்தது, அம்மன் கோயில் ட்ரிப் எல்லாவற்றையும் தெரிந்த டிரைவர்களுக்குத் தள்ளிவிட்டார்.

அக்கா வீடு பைபாஸிலிருந்து கூப்பிடு தூரம். ஒருநாள் நான் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். ரோட்டில் ஏதோ ஒரு லாரி நின்றது. ஏர் பிரேக் விடும்போது 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அதுதான். டம்ளரைத் தூக்கிய கை பாதியிலேயே நின்றது. முகம் சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. அங்கே யாரும் இல்லை, சுவரில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வியர்வை முத்து முத்தாக நின்றது. "என்ன மாமா?" என்றேன். "ஒன்னுமில்ல, காபில சக்கரை கம்மி" என்றார்.

அவர் எதையோ நினைத்துப் பார்க்கிறார் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அது நினைவு இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நினைவு என்றால் "அப்போது நடந்தது" என்ற தேதி முத்திரை அதில் இருக்கும். இதில் அது இல்லை. அந்த நொடியில் அவர் மூக்குக்கு டீசல் வாசனை வருகிறது, இடப்பக்கக் கண்ணாடி நொறுங்குகிறது. திண்ணையில் உட்கார்ந்திருப்பது உடம்புக்குத் தெரியவில்லை. மூளைக்குள் அமிக்டலா என்று ஆபத்தைக் கண்டுபிடிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. திருடன் வந்துபோன வீட்டு நாய் அதற்கப்புறம் பால்காரனைப் பார்த்தும் பேப்பர் போடும் பையனைப் பார்த்தும் குரைக்குமே, அந்த மாதிரிதான் அது ஆகிவிடுகிறது. ஒரு சத்தம், ஒரு வாசனை, ஒரு வெளிச்சம் போதும். யோசிக்கிற மூளை "இது வேற லாரி" என்று சொல்வதற்குள் இதயம் படபடக்கத் தொடங்கிவிடும்.

டாக்டர்கள் இந்த நோயின் அறிகுறிகளை நான்கு கட்டாகப் பிரிக்கிறார்கள். நடந்தது திரும்பத் திரும்ப உள்ளே வருவது ஒன்று: கெட்ட கனவு, கண் முன்னால் ஓடும் காட்சி. அதை ஞாபகப்படுத்தும் எதையும் தவிர்ப்பது இன்னொன்று. மூன்றாவதில் மனசு மரத்துப்போகும், யார் மேலும் ஒட்டுதல் இருக்காது, எல்லாம் என்னால்தான் என்ற குற்ற உணர்ச்சி பிடித்துக்கொள்ளும். நான்காவது, உடம்பு எப்போதும் உஷார் நிலையிலேயே இருப்பது. தூக்கம் போகும், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப் போடும், கோபம் மூக்கின் மேல் இருக்கும். மாமா பிள்ளைகள் மேல் கை வைக்காத மனிதர். அந்த வருஷம் சின்னவன் பலூனை உடைத்ததற்கு அறைந்துவிட்டார். அறைந்துவிட்டு அவரே பின்கட்டுக்குப் போய் அழுதார் என்று அக்கா சொன்னாள்.

மாதக்கணக்கில் இதை நாங்கள் நோய் என்று நினைக்கவே இல்லை. "பயந்துட்டாரு" என்றுதான் பேச்சு. மந்திரித்தோம், தாயத்துக் கட்டினோம். தர்காவில் ஓதிய தண்ணீர் வந்தது. இதையெல்லாம் கேலி செய்கிறவன் இல்லை நான். புதிதாகப் பயந்தவரை நடுவில் உட்காரவைத்து, நாலு பேர் சுற்றி நின்று, "போயிடுச்சு, இனிமே ஒன்னும் இல்ல" என்று ஒருவர் அழுத்தமாகச் சொல்வதில் ஏதோ ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது முதல் வாரத்துக்கான வைத்தியம். எட்டாவது மாதத்திலும் அதையே செய்துகொண்டிருந்தால், ஏற்கெனவே கூசிப்போன மனுஷனுக்கு 'எனக்குப் பிடித்தது மந்திரித்தும் போகவில்லை' என்ற பயம் ஒன்றும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

இது பட்டாளத்துக்காரர்களுக்கு வரும் நோய் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. முதல் உலகப் போரில் 'ஷெல் ஷாக்' என்ற பெயரில்தான் மருத்துவ உலகம் இதைப் பேச ஆரம்பித்தது. 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் அதைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அந்தப் போரில் கோழைத்தனம், படையை விட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் தன் சிப்பாய்களையே சுட்டுக் கொன்றது. அவர்களில் 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு கிடைத்தது. எத்தனை பேர் இந்த நோயோடு அங்கே நின்றிருப்பார்களோ. வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் போட்ட கூச்சலுக்குப் பிறகு, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் ஏறியது. போரோடு தொடங்கியதால் போர் வாசனை அதை விட்டுப் போகவில்லை. நமக்குப் போர் தூரத்துச் செய்தி என்றும் சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனி ஆள் மட்டும் அல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுவதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆனாலும் இந்த நோய் வர குண்டு விழ வேண்டியதில்லை. பாலியல் வன்முறை, வீட்டுக்குள் நடக்கும் அடி, தீ, வெள்ளம், ஐ.சி.யு.வில் கிடந்த நாட்கள், உயிர் போய் உயிர் வந்த பிரசவம் என்று எதிலிருந்தும் வரலாம். மனுஷன் மனுஷனுக்கு வேண்டுமென்றே செய்யும் கொடுமையில், அதிலும் பாலியல் வன்முறையில், ஆபத்து இன்னும் அதிகம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படிப்பட்ட பயங்கரத்தைச் சந்திக்கிறார்கள். அவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் பி.டி.எஸ்.டி. வருகிறது. மற்றவர்களும் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், அழுது, எரிந்து விழுந்து, சில வாரங்களில் மெல்ல மெல்ல நிலைக்கு வந்துவிடுகிறார்கள். அதனால் விபத்து நடந்த மூன்றாம் நாளே "உனக்கு பி.டி.எஸ்.டி." என்று யாருக்கும் பட்டம் கட்ட வேண்டாம். முதல் ஒரு மாதம் மனசு தன் வேலையைத் தானே செய்து பார்க்கும் காலம். அதுவரை டாக்டர்களே இந்தப் பெயரைப் போடுவதில்லை.

அந்த ஒரு மாதத்தில் நாம் என்ன செய்யலாம் என்பது முக்கியம், ஏனென்றால் அங்கேதான் பலரும் சொதப்புகிறோம். துக்கம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவரும் "எப்படி ஆச்சு, முதல்ல இருந்து சொல்லு" என்று கேட்பதை வீட்டார் தடுக்க வேண்டும். அவராகச் சொன்னால் கேட்கலாம், தோண்டக்கூடாது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கவைத்தால் நோய் வராது என்று ஒரு காலத்தில் வைத்தியர்களே நம்பினார்கள். அது பலன் தரவில்லை என்று தெரிந்து, இப்போது வேண்டாம் என்கிறார்கள். வேளைக்குச் சாப்பாடு, பக்கத்தில் படுக்க ஒரு ஆள், போலீஸ் ஸ்டேஷனுக்கும் இன்சூரன்ஸுக்கும் அலைய இன்னொரு ஆள் என்று ஏற்பாடு செய்தாலே பெரிய உதவி.

அடுத்தது தூக்க மாத்திரை. மெடிக்கலில் தெரிந்த பையனிடம் சொல்லி அல்பிரசோலம் வாங்கிக் கொடுக்கிற நல்ல மனசுக்காரர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மாத்திரை அது. அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் அந்த வகை மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே சொல்லிவிட்டது. பழகிப்போகும் என்பதோடு, நோயைத் தடுக்கவும் அது உதவுவதில்லை. டாஸ்மாக் கதையும் இதேதான். மாமா முன்பெல்லாம் விசேஷத்துக்குக் குடிப்பவர். தூங்குவதற்காகக் குடிக்க ஆரம்பித்தபோது, "பாவம், நண்பன் போன துக்கம்" என்று ஊரே அனுமதி கொடுத்தது.

சரி, பாசத்துக்கு வருகிறேன். விபத்துச் செய்தி வந்தால் அக்கா சேனலை மாற்றுவாள். இறந்தவர் பேரைப் பிள்ளைகள் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. வேனை அடுத்த தெருவில் ஒரு ஷெட்டில் விட்டு, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். பைபாஸ் சத்தம் கேட்கிறது என்று படுக்கை பின்கட்டு அறைக்கு மாறியது. திருச்சியில் ஒரு கல்யாணம் வந்தபோது, "ரோட்ல வேணாம்" என்று விருத்தாசலம் வழியாக ரயிலில் கூட்டிப்போனார்கள். ஒவ்வொன்றும் அன்பால் செய்தது. ஒவ்வொரு முறையும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததும் உண்மை.

அந்த நிம்மதிதான் சிக்கல். உளுந்தூர்பேட்டை ரோட்டைத் தவிர்த்துவிட்டு வீடு வந்து சேர்ந்ததும், மனம் ஒரு கணக்குப் போடுகிறது: 'அந்த ரோட்டில் போகாததால்தான் இன்று பிழைத்தோம்.' போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பமே அதற்குக் கிடைப்பதில்லை. அதனால் பயம் அப்படியே இருக்கும், பயப்பட வேண்டியவற்றின் பட்டியல் மட்டும் நீளும். முதலில் அந்த ரோடு. பிறகு எல்லா நெடுஞ்சாலையும். பிறகு வேன், பிறகு பஸ்ஸில் முன்சீட்டு, பிறகு இருட்டிய பின் வெளியே போவது. மாமாவின் உலகம் ஒன்றரைத் தெருவாகச் சுருங்கியபோது, நாங்கள் அவரை நன்றாகப் பார்த்துக்கொள்வதாகத்தான் எல்லாரும் பாராட்டினார்கள். "அதை நினைக்காதே" என்பது நம்மிடம் இருக்கிற பெரிய ஆறுதல் வார்த்தை. நினைக்காதே என்று சொல்லச் சொல்ல அது ராத்திரி மூன்று மணிக்கு வந்து நிற்கும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். ஆபத்து இன்னும் முடியவில்லை என்றால் இந்தப் பேச்சு பொருந்தாது. அடிக்கிற புருஷனோடு ஒரே வீட்டில் இருக்கிற பெண், கெடுத்தவன் அதே தெருவில் நடமாடுகிற பிள்ளை, இவர்களுடைய உஷார் நிலை நியாயமானது. "தைரியமா இரு" என்று அவர்களுக்குப் புத்தி சொல்வதற்கு முன் பாதுகாப்பான இடத்துக்கு வழி பார்க்க வேண்டும். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

மாமாவை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது பயம் மட்டும் இல்லை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் வெளியே வந்தது. அன்றைக்கு ராத்திரி தொழுதூர் தாண்டும்போது நண்பர் கேட்டிருக்கிறார், "ஒரு டீ போட்டுட்டுப் போலாமா?" என்று. இவர், "உளுந்தூர்பேட்டை போய்க் குடிச்சுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அந்த டீக்கு நிறுத்தியிருந்தால் பத்து நிமிஷம் தள்ளிப் போயிருக்கும், லாரி கிளம்பியிருக்கும், விடிந்திருக்கும். இந்தக் கணக்கை அவர் எத்தனை ஆயிரம் முறை போட்டுப் பார்த்தாரோ. எஃப்.ஐ.ஆர். அவர் பெயரில் வேறு இருந்தது. "உங்க மேல என்னங்க தப்பு" என்று நாங்கள் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை, ஏனென்றால் டீ விஷயம் எங்களுக்குத் தெரியாது. நண்பருடைய முதல் வருஷத் திதிக்கு அவர் வீட்டிலிருந்து வந்து அழைத்தார்கள். மாமா போகவில்லை. அந்த வாரத்தில்தான் ஒருநாள் அக்காவிடம், "நானும் அன்னைக்கே போயிருந்தா நல்லாயிருக்கும்" என்றார்.

எப்போது டாக்டரிடம் போவது என்று கேட்டால், அந்த வார்த்தை காதில் விழுந்த அன்றே போக வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் எண்ணம், நிற்காத குடி, இதில் எது வந்தாலும் ஒரு மாதக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. மற்றபடி ஒரு மாதம் ஆகியும் அறிகுறிகள் குறையாமல் அப்படியே இருந்தாலோ கூடிக்கொண்டே போனாலோ போகலாம். வேலைக்குப் போக முடியவில்லை, வீட்டில் யாரோடும் ஒட்ட முடியவில்லை, தூக்கம் தொடர்ந்து கெடுகிறது என்றால் ஒரு மாதம் ஆவதற்கு முன்பே போனாலும் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். ஆறு மாதம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு முழுசாகத் தலைதூக்குவதும் உண்டு. ஒரு திதி, ஒரு கோர்ட் வாய்தா, அதே மாதிரி இன்னொரு செய்தி போதும். சிலருக்கு இது மனசில் தெரியாமல் உடம்பில் தெரியும். நெஞ்சைப் பிடிக்கிறது என்று ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்து, எல்லாம் நார்மல் என்று வந்து, "அப்புறம் ஏன் வலிக்குது" என்று அலைகிறவர்களில் இந்த ரகமும் இருக்கிறது. சின்னக் குழந்தைகள் வாயால் சொல்லாது. நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடிக் காட்டும், படுக்கையை நனைக்காமல் இருந்தது மறுபடி நனைக்கும், அம்மாவின் புடவையை விடாது.

டாக்டர்கள் முதல் சல்லடையாக ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறார்கள். கடந்த ஒரு மாதத்தில்: அதைப் பற்றிக் கெட்ட கனவு வந்ததா, வேண்டாமென்றாலும் நினைப்பு வந்ததா? அதை நினைக்காமல் இருக்க, ஞாபகப்படுத்தும் இடங்களைத் தவிர்க்க ரொம்பவும் மெனக்கெட்டீர்களா? எப்போதும் உஷாராக, எளிதில் திடுக்கிடுகிறவராக இருந்தீர்களா? மனிதர்களிடமிருந்தும் சுற்றி நடப்பவற்றிலிருந்தும் விலகி, மரத்துப்போனது போல உணர்ந்தீர்களா? நடந்ததற்கு உங்களையோ மற்றவர்களையோ குற்றம் சொல்லிக்கொள்வதை நிறுத்த முடியவில்லையா? மூன்று நான்குக்கு ஆமாம் என்றால் நேரில் போய்ப் பேச வேண்டிய நிலை. இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிட முடியாது, போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம்.

மாமாவை "மனநல டாக்டர்கிட்ட போலாம்" என்று கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டார். "தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்" என்று அக்கா சொன்னாள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஓ.பி. சீட்டு வாங்கி, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்தவர் கரும்புக்காரர், மருமகளைக் கூட்டி வந்திருந்தார். சினிமாவில் காட்டுகிற மாதிரி அங்கே யாரும் தலையைப் பிய்த்துக்கொண்டு இருக்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் பார்க்கிற முகங்கள்தான். டாக்டர் செர்ட்ராலின் எழுதிக் கொடுத்தார். இந்த நோய்க்கு அதிகம் கொடுக்கப்படும் மாத்திரைகளில் அது ஒன்று. வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், முதலில் வயிற்றைப் பிரட்டும், நினைத்தபோது நிறுத்தக் கூடாது. அல்பிரசோலம் போல அடிமைப்படுத்தாது. மாத்திரை தூக்கத்தையும் கோபத்தையும் ஓரளவு கட்டுக்குள் கொண்டுவந்தது. முக்கியமான வேலை அங்கிருந்த உளவியலாளரிடம் நடந்தது.

அவர் செய்யச் சொன்னது நாங்கள் அதுவரை செய்ததற்கு நேர் எதிர். கண்ணை மூடிக்கொண்டு, அந்த ராத்திரியை இப்போது நடப்பது போலவே சொல்ல வேண்டும். 'போனேன், வந்தேன்' இல்லை, 'போகிறேன், வருகிறேன்.' பதற்றம் எவ்வளவு என்று நடுநடுவே நூற்றுக்கு மார்க் போடச் சொல்வார். சொன்னதை போனில் பதிவு செய்து, வீட்டில் தினமும் கேட்க வேண்டும். எட்னா ஃபோவா என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த முறை இது. பொதுவாக எட்டிலிருந்து பதினைந்து அமர்வுகள் வரை பிடிக்கும். முதல் மாதத்தில் தோண்டாதே என்றாயே, இப்போது இது என்ன என்று கேட்பீர்கள். அக்காவும் கேட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்கும்போது கதை பாதியில் நிற்கும், பயம் உச்சத்தில் இருக்கும்போதே பேச்சு மாறிவிடும். இங்கே பயம் ஏறி, நின்று, தானாக இறங்குகிற வரை கூடவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த இறக்கத்தை உடம்பு பார்க்க வேண்டும். மூன்றாவதோ நான்காவதோ முறை சொல்லும்போதுதான் டீ விஷயம் வாயில் வந்தது. "நிறுத்தாம போனப்ப, லாரி நிக்கறது உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாராம் அந்த அம்மா. மாமா வெகு நேரம் பேசவில்லையாம்.

வீட்டுப்பாடமாக ஒரு படிக்கட்டு எழுதிக் கொடுத்தார்கள். கீழ்ப்படி: நிற்கிற வேனில் டிரைவர் சீட்டில் உட்காருவது, என்ஜின் போடாமல். தார்ப்பாயை எடுத்தபோது கண்ணாடி எல்லாம் புழுதி, ஸ்டியரிங்கில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. மாமா ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் வெளியே கதவோரம் நின்றேன். "எவ்ளோ மாமா?" "எம்பது." மூச்சு மேலும் கீழும் வாங்கியது. "எறங்கிடவா?" என்றார். இறங்கச் சொல்லக் கூடாது, பாதியாகக் குறைகிற வரை இருக்க வேண்டும் என்பது சட்டம். இப்போது எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எண்பது, எண்பது, எண்பத்தைந்து, எழுபது. டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரை எடுத்து வேட்டியால் துடைக்க ஆரம்பித்தார். பிறகு ஹார்னை ஒருமுறை அடித்துப் பார்த்தார், பேட்டரி செத்திருந்தது. "நாப்பது இருக்கும். பேட்டரி மாத்தணும்டா" என்றார். அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த படிகளுக்கெல்லாம் மாதங்கள் பிடித்தன, நடுவில் இரண்டு முறை விட்டுவிட்டார், திரும்பவும் கூட்டிப்போனோம். அதை விவரிக்கத் தேவையில்லை. இந்த ஒரு முறைதான் என்றும் இல்லை. குற்ற உணர்ச்சியை முன்வைத்து வேலை செய்யும் முறை தனியாக இருக்கிறது. 1980-களின் இறுதியில் ஃப்ரான்சின் ஷாபிரோ உருவாக்கிய ஈ.எம்.டி.ஆர். இருக்கிறது. அதில் நினைவை மனதில் பிடித்துக்கொண்டே, சிகிச்சையாளரின் விரல் போகும் பக்கமெல்லாம் கண்ணை ஓட்ட வேண்டும். கேட்டால் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கும் சிகிச்சை அது.

நடைமுறைச் சங்கடங்களை மறைக்க விரும்பவில்லை. அரசு மருத்துவமனையில் டாக்டர் கிடைப்பார், மாத்திரை இலவசம், ஆனால் ஒரு நோயாளியோடு முக்கால் மணி, ஒன்றரை மணி உட்காரக்கூடிய உளவியலாளர்கள் குறைவு. எங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். தனியாரிடம் போனால் ஒவ்வொரு அமர்வுக்கும் பணம் கட்ட வேண்டும். உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பாலிசி எடுத்தவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும், வெறும் ஓ.பி. செலவென்றால் பாலிசியைப் பொறுத்தது. தனியாரிடம் போகும்போது, அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இன்ஸ்டாகிராமில் "மூன்றே நாளில் மனக்காயம் ஆறும்" என்கிறவர்களிடம் கொடுக்கிற காசுக்கு நாலு முறை பஸ் ஏறி அரசு மருத்துவமனைக்குப் போய்வரலாம்.

எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14416-க்கு அழைக்கலாம். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண். இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழில் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104-உம் இருக்கிறது. நோயாளியே பேச வேண்டும் என்றில்லை, கூட இருக்கிறவர் பேசி வழி கேட்கலாம். வரமாட்டேன் என்று அடம்பிடிப்பவரிடம் நோயின் பெயரைச் சொல்லி வாதாட வேண்டாம். அவருக்கே எது தொந்தரவாக இருக்கிறதோ, தூக்கமோ, நெஞ்சுப் படபடப்போ, பிள்ளையை அடித்துவிட்ட வருத்தமோ, அதைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுங்கள். ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம் என்று சொல்லுங்கள். கூடவே போங்கள், ஆனால் டாக்டர் முன்னால் அவருக்குப் பதிலாக நீங்கள் கதை சொல்லாதீர்கள். சில விஷயங்கள் பெண்டாட்டி, தம்பி எதிரில் வராது. வெளியே பெஞ்சில் காத்திருப்பதுதான் நமக்கு வேலை.

மாமா இப்போது ட்ரிப் எடுக்கிறார். மாத்திரையை டாக்டர் சொல்லி மெதுவாகக் குறைத்து நிறுத்தியாகிவிட்டது. ராத்திரி ஓட்டுவதில்லை. அது நோயின் மிச்சம் இல்லையா என்று அந்த உளவியலாளரிடம் கேட்டேன். "நேஷனல் ஹைவேல ராத்திரி ரெண்டு மணிக்கு வேன் ஓட்டாம இருக்கறது நோய் இல்ல சார், புத்தி" என்றார்.